கால்சட்டை அளவும் கண்டக்டர் இதயமும்

உடல் உழைப்பை அளக்கும் சாஸ்திரம் வளர்ந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, பஸ்ஸில். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லண்டன்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயத் தொடங்கினார்கள். ஏனென்று தேடக் கிளம்பிய ஜெரி மாரிஸ் என்ற டாக்டரின் கண்ணில் மாடி பஸ் பட்டது. டிரைவர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் போட தினம் 500 முதல் 750 படி ஏறுகிறார். சுமார் 31,000 ஊழியர்களின் கணக்கைப் புரட்டி, 1953-ல் 'லான்செட்' இதழில் போட்டு உடைத்தார்: மாரடைப்பு டிரைவருக்குத்தான் அதிகம்!

மாரிஸ் திண்டிவனத்தில் பஸ் ஏறியிருந்தால் கதை கந்தலாகியிருக்கும். நம்ம பஸ்ஸுக்கு மாடி கிடையாது. மாடிக்குப் போகவேண்டிய கூட்டமும் கீழேயே நிற்கும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கண்டக்டர் பின்படியிலிருந்து முன்படிக்கு நீந்தியாக வேண்டும். விக்கிரவாண்டிக்குள் திரும்பி நீந்த வேண்டும். நடுவில், "உள்ள போப்பா, காலியாத்தான கெடக்கு" என்று முண்டியம்பாக்கம் வரை கூசாமல் பொய் சொல்ல வேண்டும். டிரைவர் மட்டும் சும்மாவா? பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியை ஒடித்துத் திருப்பியவரை 'உட்கார்ந்து வேலை பார்ப்பவர்' என்று எழுதினால் பேனாவே கோபித்துக்கொள்ளும். மாரிஸ் மயிலம் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டு ஊர் திரும்பியிருப்பார்.

லண்டனிலும் சிக்கல் வராமல் இல்லை. அது கால்சட்டை வழியாக வந்தது. 1956-ல் மாரிஸ் கோஷ்டி யூனிஃபார்ம் தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தது. இளவட்ட டிரைவர்களுக்கே கண்டக்டர்களைவிட இடுப்பு பெரிது! அப்படியானால் சீட்டு தொப்பையை வளர்த்ததா, தொப்பை சீட்டைத் தேடிப் போனதா? தான் கட்டிய கோட்டையைத் தானே தட்டிப் பார்த்த மனுஷன் மாரிஸ்.

பிறகு வந்தவர்கள் அவ்வளவு யோக்கியமில்லை. 1965-ல் ஒரு ஜப்பான் கம்பெனி, நடக்கும் அடிகளை எண்ண இடுப்பில் மாட்டும் கருவி ஒன்றுக்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்து விற்றது. விளம்பரத்துக்கு வைத்த எண், உலகத்துக்கே வேதவாக்கானது.

உழைப்பை அளக்க அடுத்து வந்தது கேள்வித்தாள். "கடந்த 7 நாளில், தொடர்ந்து 10 நிமிடமாவது கடினமாக உழைத்தீர்களா?" மல்லாட்டை பிடுங்கும் அம்மாவிடம் இதைக் கேட்டால், "ஏன் தம்பி, பாக்கிக் கூலிய நீ குடுக்கப்போறியா?" என்பார். சரி, மனுஷ வாய் வேண்டாமென்று ஆக்ஸலரோமீட்டரை இடுப்பில் கட்டினார்கள். அது இடுப்பின் அசைவை எண்ணும்; தலையில் இருக்கும் மூட்டையின் கனம் அதற்குத் தெரியாது. உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கும் கையையும் அது கண்டுகொள்ளாது.

தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2014-ல் தீர்ப்புச் சொன்னது: 54.4 சதவீதம் பேருக்கு உடலுழைப்பு போதாது. பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்வோர் 10 சதவீதத்துக்கும் குறைவு. பொழுது இருந்தால்தானே போக்க!

2023-ல் தமிழ்நாடு அரசு, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை என்று திட்டம் போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் நடப்பதற்காக ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறாரே ஒருவர், அவரைக் கேள்வித்தாளின் 'பயணம்' கட்டத்தில் டிக் அடிப்பதா, 'ஓய்வு' கட்டத்தில் டிக் அடிப்பதா?