கோழி மிதித்த குஞ்சு: பேணுகை நெறிகள் குறித்த ஓர் ஆய்வு

1. முன்னுரை

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது தமிழர் அனைவரும் ஒப்பிய முடிபு. நொண்டாது என்று இவ்வடிவில் அம்முடிபு சொல்லவில்லை. பழமொழி விட்டுச்சென்ற இவ்விடைவெளியை இதுகாறும் எவரும் ஆராயாதது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை. அக்குறையை இக்கட்டுரை போக்குகிறது. (இவ்வாறு எழுதாவிட்டால் கட்டுரையை ஏற்க மாட்டார்கள்.)

2. ஆய்வு எல்லை

நாட்டுக்கோழிக் குஞ்சு, பொரித்து ஒரு வாரம் தாண்டாதது, ஒரு கால் ஊன்றாதது. சாயம் பூசிச் சந்தையில் விற்கும் குஞ்சுகள் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டன.

3. காயத்தின் வகைகள்

அ. தாய் மிதித்தது: மேலே கண்டோம்.

ஆ. காக்கை தூக்கியது: ஆய்வுக்குக் கிடைப்பதில்லை.

இ. கதவிடுக்கில் சிக்கியது: வீட்டில் எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஈ. கால் பரப்பி விழுந்தது: வழுவழுப்பான செய்தித்தாளை விரித்தவர் மேல் குற்றம். சாக்கு விரித்திருக்க வேண்டும். இரண்டு கால்களையும் இயல்பான இடைவெளியில் மெல்லிய ஒட்டுநாடாவால் பிணைத்துவிட்டால் பெரும்பாலும் சில நாளில் ஊன்றும்.

4. வெப்பவியல்

முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரந்தோறும் 3 டிகிரி குறைக்கலாம். தாய்க்கோழி இதைத் தெர்மாமீட்டர் இல்லாமலே செய்துவிடுகிறது. மனிதருக்குக் குண்டு பல்பு வேண்டும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே ஒழிய, குஞ்சைக் காய்ச்சாது. பல்பை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டால், குளிர்ந்தால் குஞ்சு கிட்டே வரும். சுட்டால் விலகிப் போகும். (பாட்டி, திண்ணை, வாய்மொழி.)

5. பெட்டிவாதம்

பல்பை எந்தப் பெட்டியில் தொங்கவிடுவது என்பதே இத்துறையின் மையச் சிக்கல். இதில் மூன்று கொள்கையினர் உளர்.

செருப்புப் பெட்டிக் கொள்கையினர், இடம் குறுகினால் சூடு தங்கும் என்பர். (அத்தை, கொல்லைப்புறம், பாட்டியை மறுத்துரைத்தது, அன்று மாலையே பாட்டியால் மறுக்கப்பட்டது.) இவர்கள் பல்பு அட்டையைத் தொட்டால் தீப்பிடிக்கும் என்பதற்கு இன்னும் விடை கூறவில்லை.

மிக்சிப் பெட்டிக் கொள்கையினர் உயரத்தை வலியுறுத்துவர்: பல்புக்கு இடம் இருக்கும், குஞ்சு தாவாது. கோட்பாட்டளவில் இது குறையற்றது. நடைமுறையில், மிக்சிப் பெட்டி பரணில் இருக்கிறது. "வாரண்டி இருக்கு, பெட்டியத் தொடாதே" என்பது பரணைக் காக்கும் மூலவிதி. வாரண்டி முடிந்து, மிக்சியும் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்த பின்னும் அவ்விதி நீடிப்பது களஆய்வில் தெரியவந்தது. பெட்டியை இறக்கினாலும் உள்ளிருக்கும் தெர்மாகோலை அகற்ற வேண்டும். குஞ்சு கொத்தித் தின்னும். அகற்றினால் "அது இல்லாம பெட்டி எதுக்கு?" என்ற கேள்வி எழும். (பால்காரர், வாசற்படி, சைக்கிளைவிட்டு இறங்காமல் அருளியது, விரிவுக்குக் காண்க: பால் கணக்கு நோட்டு, பின்னட்டை, தண்ணீர் பட்டு அழிந்த பகுதி, அழிந்த பகுதிக்கு அவர் மனைவி தந்த பாடம் இதற்கு நேர்மாறானது, அதுவே பொருத்தமுடையது எனச் சலவைக்காரர் கருதுவார்.)

மூன்றாமவர் பஞ்சாரவாதிகள். தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டால் சூட்டைத் தாய் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எளிதில் புரிந்துவிடுவதால் இக்கொள்கைக்கு ஆய்வுலகில் மதிப்பில்லை. புண்ணில் ரத்தம் தெரிந்தால் மட்டும் இது உதவாது: சிவப்பைக் கண்டால் உடன்பிறந்த குஞ்சுகளே கொத்தும்.

இம்மூன்று கொள்கைகளையும் ஒப்பிட்டு எங்கள் கூடத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கம் கூடியது. (பன்னாடு: சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த மருமகன்.) தலைமையுரை, வாழ்த்துரை, நோக்கவுரை முடிந்து பொருளுக்கு வருவதற்குள் காபி வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் நான்காம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி ஆய்வுக்குரிய குஞ்சை இரு கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தாள். அதன் கீழிமை மேலேறிக் கண் செருகியது. கீச்சொலி நின்று, தொண்டைக்குள் ஒரு மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. அவளுக்கு எந்தக் கொள்கையும் இல்லை. ஆகையால் மேற்கோள் காட்ட இயலவில்லை.

6. மருத்துவம்

வெதுவெதுப்பான உப்புநீரில் புண்ணைக் கழுவி மஞ்சள் வைக்கலாம். எலும்பு முறிந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மனிதர் விழுங்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாகாது.

7. உணவு

நொய். தண்ணீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அலகின் நுனியை நனைத்தால் தானே குடிக்கும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் உள்ளே விழுந்து முழுகாது.

8. முடிவுரை

குஞ்சு இப்போது நொண்டாமல் நடக்கிறது. எந்தக் கொள்கையால் நடக்கிறது என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படாததால் ஆய்வு தொடர்கிறது. இத்துறையில் நெறியாளராக இருப்பவர்கள் குஞ்சைத் தொட்டதில்லை. தொட்டவர்களை எவரும் நெறியாளர் ஆக்கியதுமில்லை. வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடிபட்ட குஞ்சு கிடைத்தால் முதலில் அதைச் சூடாக வையுங்கள், கட்டுரையைப் பிறகு எழுதலாம். பரணில் மிக்சிப் பெட்டி வைத்திருப்போர், வாரண்டி கார்டை எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் தந்து உதவவும்.