பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா?

கேள்வி: யாருக்கு இரட்சிப்பு என்று கடவுள் முன்பே தெரிந்தெடுத்துவிட்டார் என்றால், நான் ஏன் ஞாயிறு காலைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தூக்கமும் முன்குறிக்கப்பட்டது என்கிறீர்களா? கெட்டிக்காரர்தான்!

இந்த வழக்கு பழசு. 1618-19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபை மாநாடு, ‘உன் விசுவாசத்தை முன்கூட்டிப் பார்த்து அல்ல, தம் சித்தப்படியே தெரிந்தெடுக்கிறார்’ என்று டச்சு இறையியலாளர் ஆர்மீனியஸின் சீடர்களுக்கு எதிராகத் தீர்ப்பெழுதியது. வழக்கு முடிந்ததா? எங்கே! 1739இல் ஆங்கிலப் போதகர் ஜான் வெஸ்லி இதை எதிர்த்துப் பிரசங்கம் செய்து அச்சிட்டும் விட்டார். நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டுக்குக் கோபம். மறுப்புக் கடிதம் பறந்தது. ஆனால் 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் அவருக்கு நினைவுப் பிரசங்கம் செய்தவர் யார் தெரியுமா? அதே வெஸ்லி.

நம்மூர் வைணவர்களுக்கும் இதே தலைவலி உண்டு: காப்பது முழுக்கக் கடவுளின் வேலையா, நாமும் பற்றிக்கொள்ள வேண்டுமா? தாய் கவ்விக்கொண்டு போகும் பூனைக்குட்டி தென்கலை. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலை. இந்தத் தெரிந்தெடுப்பைப் போதித்த சீர்திருத்தவாதி கால்வின் சந்தேகமில்லாமல் பூனைக் கட்சி. அந்தக் கால்வினே ஜெனீவாவில் ஞாயிறுதோறும் இரண்டு பிரசங்கம் செய்தார், ஐயா!

பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. அலாரத்தை மட்டும் வைத்துவிட்டுப் படுங்கள்.