கார எறக்கணுமாமே!

வா கண்ணு, வா. வண்டி பைபாஸ்ல திரும்பும்போதே சத்தம் கேட்டுடுச்சு. தெருநாய்ங்க நாலும் எழுந்து நின்னு மரியாத பண்ணுச்சுங்க. உக்காரு. போன்ல இன்னாவோ லிஸ்ட் போட்டு வச்சிருக்கியாம், உங்க பாட்டி சொன்னா. மொத்தம் ரெண்டே கால் லட்சமாமே? படி, கேக்குறேன். எனக்கு பார்வைதான் மட்டு, காது நல்லா கேக்கும்.

இஞ்சின் கம்ப்யூட்டர்ல லேப்டாப்ப சொருகி பவர் ஏத்தணும். சரி. சைலன்சர் மாத்தணும். சரி, சரி. குட்டை ஸ்பிரிங்கு போட்டு கார ஒன்றரை இஞ்ச் எறக்கணும். பதினாறு இஞ்ச் வீல கழட்டி எறிஞ்சிட்டு பதினெட்டு இஞ்ச் அலாய். அப்புறம் பின்னாடி ஒரு ரெக்கை. ரெக்கைய மட்டும் உட்டுடாத. சென்னீர்குப்பத்துல இருந்து கரையான்சாவடி சிக்னல் போறதுக்குள்ள வண்டி மேல எழும்பிட்டா மெட்ரோ பாலத்துல இல்ல இடிச்சிக்கும்?

லிஸ்ட்டு பிரமாதம். ஒண்ணுத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கிழவனுக்கு ஒரு ஆசை. நீ இஞ்சின்ல ஆரம்பிச்சிருக்க, நான் ரோட்டுல இருந்து ஆரம்பிச்சு பாக்குறேன். எழுந்து வா. பேண்ட்டு மடிப்பு கலையாது, குந்து. டயரு பக்கவாட்டுல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்குது பாரு. இன்னா போட்டிருக்குது? 3421. அது லாட்டரி நம்பர் இல்ல நைனா, டயரோட ஜாதகம். 2021-ல முப்பத்தி நாலாவது வாரத்துல பொறந்திருக்குது. கார் ஃபேக்டரிய உட்டு வெளிய வரும்போது போட்டிருந்த அதே டயரு. உன்கிட்ட வித்தவன் தொடச்சு பாலிஷ் போட்டு குடுத்தான், நீயும் பளபளப்ப பாத்து பணத்த எண்ணிட்ட. இப்ப அந்த காடிக்குள்ள நகத்த உடு. குறுக்கால சின்ன மேடு தட்டுப்படுதா? அது 1.6 மில்லிமீட்டர் குறி. ரப்பரும் அந்த மேடும் ஒரே மட்டமாயிட்டா டயரு செத்துச்சுன்னு அர்த்தம். உன்னுது இன்னும் சாவல, கோமாவுல இருக்குது. ஓரத்துல பூமி வெடிச்ச மாதிரி வரி வரியா ஓடுது பாரு, ஏரி வத்துனா இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு டயரும் ரோட்ட தொடுற எடம் உன் உள்ளங்கை அகலம்தான். நாலு உள்ளங்கை. ஐ20 என் லைன், ஆயிரம் சிசிக்கு ரெண்டு கம்மி, மூணு சிலிண்டர், டர்போ, 120 குதிரைன்னு எங்கிட்ட மார்தட்டுனியே, அந்த 120 குதிரையும் இந்த நாலு உள்ளங்கை மேலதான் நிக்குது. லேப்டாப்புக்காரன் இன்னும் இருபது முப்பது குதிரைய அவுத்து உட்டா அதுங்களும் இதே உள்ளங்கையிலதான் நிக்கணும். அதுவும் மழைக்காலத்துல, மெட்ரோவுக்கு தோண்டி மூடுன எடத்துல.

பதினெட்டு இஞ்ச் வீலு பாக்க லட்சணம், இல்லேங்கல. ஆனா வீலு பெருசானா ரப்பர் சுவரு குட்டையாவும். பள்ளத்துல உழுந்தா முன்னெல்லாம் ரப்பர் வாங்கிக்கும், இனிமே அலாய் வாங்கிக்கும், அதுக்கப்புறம் உன் இடுப்பு வாங்கிக்கும். வீலு கனமானா இன்னொரு கூத்து. ஸ்பிரிங்குக்கு கீழ இருக்குற கனம் குதிச்சா அத்த அடக்குறது ஷாக் அப்சரு வேல. கனத்த ஏத்திட்டா அதால அடக்க முடியாது, டயரு ரோட்ட உட்டு எகிறும். மாட்டு காலுல இரும்பு குண்ட கட்டிட்டு ரேக்ளாவுக்கு ஓட்டுற கதை.

சரி, ஓடுறத உடு. நிக்கிறத பத்தி லிஸ்ட்டுல இன்னா எழுதியிருக்க? ஒண்ணுமே இல்லையா? சபாஷ். நிறுத்துற எண்ணமே இல்லாதவனுக்கு எதுக்கு பிரேக்கு!

அம்பத்தூர் எஸ்டேட்டுல இருபத்தெட்டு வருஷம் லேத்து ஓட்டுனவன் நான். பக்கத்துல பாடியில 1960-களோட தொடக்கத்துலயே பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ்னு வரிசையா கம்பெனி வந்துச்சு. இந்த ஊரு காத்துலயே பிரேக்கு வாசனை இருக்குது. ஊரே பிரேக்கு செஞ்சு ஒலகத்துக்கு அனுப்புது, நீ அதே ஊருல பொறந்து சைலன்சர் வாங்க அலையற.

கணக்கு ஒண்ணு சொல்றேன், பன்னெண்டாங்கிளாஸ்ல படிச்சிருப்ப, மறந்திருப்ப. வேகம் ரெண்டு மடங்கானா வண்டிக்குள்ள இருக்குற வெறி நாலு மடங்காவும். நல்ல டயரு, நல்ல பிரேக்கு, காஞ்ச ரோடுன்னே வச்சிக்கோ. அறுவதுல போயி அழுத்துனா சுமார் பதினெட்டு மீட்டர்ல நிக்கும். ஒரு மாநகர பஸ்ஸு பன்னெண்டு மீட்டர், அப்ப ஒன்றரை பஸ்ஸு. நூத்தி இருவதுல அழுத்துனா எழுவது மீட்டர். ஆறு பஸ்ஸ வரிசையா நிறுத்தி பாத்துக்க. இது கால் பெடல தொட்டதுக்கு அப்புறம். உன் மூளைக்கு சேதி போயி கால் எறங்க ஒரு நொடி ஆச்சுன்னா, அதுக்குள்ள முப்பத்தி மூணு மீட்டர் பறந்திருக்கும். உன் மூளைக்கு ஒரு நொடி போதுமான்னு உங்கப்பன்தான் சொல்லணும்.

பிரேக் ஆயில் டப்பா மூடிய தொற. கலர பாரு. தேன் கலருல இருக்க வேண்டியது டிகாஷன் கலருல இருக்குது. அந்த ஆயிலு காத்துல இருக்குற ஈரத்த குடிச்சிகினே இருக்கும், நம்ம ஊரு புழுக்கத்துல கேக்கவே வேணாம். நாலு தபா அழுத்தி அழுத்தி புடிச்சா சூட்டுல அந்த தண்ணி ஆவியாவும். ஆவிய அமுக்கலாம், ஆனா அது பிரேக்க அமுக்காது. பெடலு பஞ்சுத் தலகாணி மாதிரி உள்ள போவும். அந்த நேரத்துல உன் சைலன்சர் எம்மா சத்தம் போட்டாலும் வண்டி நிக்காது.

இப்ப எறக்குற விஷயத்துக்கு வருவோம். உன் மனசுல அதானே மொதல்ல இருக்குது? அந்த முன் மூலைய ரெண்டு கையால அமுக்கி உடு. ஒரு தபா எழும்பி உக்காந்தா ஷாக்கு உயிரோட இருக்குது. ரெண்டு மூணு தபா ஆடுது பாரு, நம்ம ஊரு தேர் மாதிரி. ஸ்பிரிங்கு கனத்த தாங்கும், ஆட்டத்த நிறுத்துறது ஷாக்குதான். நீ ஸ்பிரிங்க மட்டும் மாத்தி, செத்த ஷாக்க அப்படியே வச்சா, குட்டை ஸ்பிரிங்கு இன்னும் விறைப்பா இருக்கும், அத்த அடக்க ஆளு இருக்காது. கார எறக்கிட்டா சக்கரம் மேல கீழ போற தூரமும் குறைஞ்சு போவும். அடியில இருக்குற ரப்பர் கட்டையில மோதி மோதி, காரு சஸ்பென்ஷன்ல ஓடாது, கட்டையில ஓடும். கட்ட வண்டியில ஓடணும்னா சொல்லு, எங்கப்பா ஓட்டுனது பரண்ல அச்சோட இருக்குது.

ஸ்பீட் பிரேக்கருக்கு இந்திய ரோடு காங்கிரஸ் ஒரு அளவு வச்சிருக்குது. 3.7 மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஒசரம், இருபத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துல அலுங்காம ஏறி எறங்கலாம். எம்மா அழகு! நம்ம தெரு மொனையில இருக்குறத அளந்து பாத்தியா? யாரோ வீட்டுக்கு பூசுனது போக மிச்சமிருந்த சிமெண்டு அது. எறக்குன கார அது மேல ஏத்துனா நடுவுல மாட்டிக்கும், ரெண்டு பக்கமும் சக்கரம் ஆடும், தராசு மாதிரி. மளிகைக் கடைக்காரனுக்கு உதவும்.

சஸ்பென்ஷன்னா இன்னான்னு தெரியணும்னா ஆவடிக்கு போ. நம்ம பக்கத்து ஊருதான், டேங்க்கு செய்யிற ஊரு. டி-72 டேங்க்குக்கு முறுக்குக் கம்பி சஸ்பென்ஷன். ஈர வேட்டிய முறுக்கி உட்டா திருப்பிக்கும் பாரு, அந்த வேலைய எஃகு கம்பி பண்ணும். உன் காருக்கு குறுக்கால இருக்குற கம்பியும் அதே வித்தைதான், வளைவுல ஒரு பக்கமா சாயாம புடிச்சிக்கும். அர்ஜுன் டேங்க்கு அம்பத்தெட்டு டன்னு. அத்த கேஸும் எண்ணெயும் சேர்ந்து தாங்குது. அம்பத்தெட்டு டன்ன காட்டுமேட்டுல பதமா ஓட வைக்கிறான். அவன் கூட டேங்க்க எறக்கி, ரெக்கை வச்சு, சைலன்சர் மாத்தல.

நான் வேகம் பாக்காதவன்னு நெனச்சிக்காத. சோழவரத்துல சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்ட விமானப் பாதையில அப்பல்லாம் ரேஸு நடக்கும். அம்பத்தூர், செங்குன்றம் வழியா சைக்கிள் மிதிச்சுகினு போயிருக்கேன். ஃபியட்டு, ஹெரால்டு, எல்லாத்தையும் ஒரு வருஷம் முழுக்க பிரிச்சு மேஞ்சு கொண்டாருவானுங்க. நாங்க வைக்கப்போர் மேல நின்னு பாப்போம். ஜெயிச்ச காரு பெரும்பாலும் பாக்க அழகா இருக்காது. உள்ள சீட்டு கிடையாது, கதவு உறை கிடையாது. கனத்த கழட்டி எறிஞ்சிருப்பான். நீ காசு குடுத்து கனத்த ஏத்துற.

கரிவரதன்னு கோயம்புத்தூர்க்காரர். 1988-ல பார்முலா மாருதின்னு ஒரு வண்டி செஞ்சாரு. அதுல இன்னா இஞ்சின் தெரியுமா? நம்ம எதிர்வீட்டு டீச்சரம்மா ஓட்டுனாங்களே, மாருதி 800, அந்த 796 சிசி. அந்த சின்ன இஞ்சின வச்சு ஒரு தலைமுறைக்கே ரேஸு கத்துக் குடுத்தாரு. 1995-ல விமான விபத்துல போயிட்டாரு மனுசன். செட்டிப்பாளையத்துல அவரு பேருலதான் டிராக்கு இருக்குது.

நீ அஜித் படம் ஒட்டியிருக்க, அதுவும் பாத்தேன். 2025 ஜனவரியில துபாய்ல பயிற்சியில காரு சுவத்துல மோதி பம்பரமா சுத்துச்சே, மனுசன் எறங்கி நடந்து வந்தாரு. ஏன்? உள்ள இரும்புக் கூண்டு, உடம்ப கட்டிப் போட்ட பெல்ட்டு, எதிர்ல வண்டி வராத ரோடு. அந்த வாரமே அவரு டீமு அவங்க பிரிவுல மூணாவது எடமும் புடிச்சாங்க. உனக்கு எதிர்ல இன்னா வரும்? ராங் சைடுல தண்ணி லாரி வரும், முட்டைகோஸ் மூட்டையோட குட்டியானை வரும், டிவிஎஸ் 50-ல நான் வருவேன்.

போலீசு விஷயம் பயமுறுத்த சொல்லல, கணக்குக்கு சொல்றேன். வண்டிய அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல சேத்தது. லிஸ்ட்டுல அஞ்சு ஐட்டம் இருக்குதா, இருபத்தஞ்சாயிரத்த அதுலயே எழுதிக்க, டோட்டல் சரியா வரணும் இல்ல? ரோட்டுல ரேஸு உட்டா அது தனி. சென்னைக்குள்ள காருக்கு அறுவதுன்னு 2023-லயே போட்டாச்சு. 120 குதிரைக்கு அறுவது கிலோமீட்டர், ஒரு குதிரைக்கு அரை கிலோமீட்டர் வருது.

பவர ஏத்தவே கூடாதான்னு மூஞ்ச தொங்கப் போடாத. ஏத்து, கடைசியா ஏத்து. உன் வண்டியில தானா மாறுற கியருக்கு உள்ள ரெண்டு கிளட்ச்சு, ரெண்டும் எண்ணெயில ஊறாத காஞ்ச கிளட்ச்சு. குமணன்சாவடி டிராபிக்குல ஊர்ந்து ஊர்ந்து போவும்போதே அது காயுது. அதுக்கு மேல முறுக்க ஏத்துனா யாரு தாங்குவா, வாரண்டிக்காரனா? அவன் லேப்டாப்ப சொருகுன அன்னிக்கே கைய கழுவிடுவான்.

மொதல்ல நாலு டயரு, இதே பதினாறு இஞ்சுல, நல்ல ரகமா வாங்கு. பிரேக் ஆயில மொத்தமா வடிச்சு புதுசு ஊத்து, பேடு மாத்து. முன்னாடி ஷாக்கு, லோயர் ஆர்ம் புஷ்ஷு, அப்புறம் அலைன்மென்ட்டு. ஒரு மாசம் ஓட்டு. புதுக் காரு வாங்கிட்டோமான்னு உனக்கே சந்தேகம் வரும், பவரு ஏறுன மாதிரியே இருக்கும். மிச்ச காச எடுத்துகினு பெங்களூர் ரோட்டுல இருங்காட்டுக்கோட்டைக்கு போ. 1990-ல இருந்து அங்க டிராக்கு இருக்குது. உன் காரு பொறந்த ஃபேக்டரியும் அதே ஊருலதான். பொறந்த ஊருலயே ஓட உடேன், அதுக்கும் ஆசை இருக்காதா? டிராக்குல ஓட்ட உடுற நாள விசாரிச்சு, ஹெல்மெட்டு போட்டுகினு நூத்தி இருவதுல வளைவுல திருப்பு. எம்மா பயம் வருதுன்னு எனக்கு வந்து சொல்லு.

இன்னா எழுதுற? டயரா? சரி சரி, எழுது. அந்த பழைய நாலையும் தூக்கிப் போடாத, பாட்டி தொட்டிச் செடி வைக்க கேட்டுகினு இருக்கா.

இப்ப வண்டிய எடு, பூந்தமல்லி வரைக்கும் நானும் வரேன். முட்டிக்கு தைலம் வாங்கணும். மொனையில மட்டும் மெதுவா ஏத்து. கார எறக்கிட்டியானா அப்புறம் நான் குனிஞ்சு ஏறணும், இந்த முட்டிய வச்சுகினு அது ஆவாது.