ஜெயிக்காமல் ஆட்சி அமைப்பது எப்படி? டப்ளின் தலைவர்களுக்குச் சில யோசனைகள்

தலைவரே, வாக்கு எண்ணிக்கை ஒருவழியாக முடிந்துவிட்டது. அயர்லாந்தில் அது ஒரே ராத்திரியில் தீர்கிற காரியம் இல்லை. வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப எண் போடுகிறார். ஜெயித்தவரின் உபரி வாக்கும் தோற்றவரின் வாக்கும் சுற்றுச் சுற்றாக அடுத்த பெயருக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு தொகுதிக்கு மூன்றிலிருந்து ஐந்து இடம். எல்லாம் நிரம்பி முடியும்போது யாருக்கும் பெரும்பான்மை இருக்காது. பதற வேண்டாம், 1977-ல் ஃபியன்னா ஃபாயில் கட்சியின் ஜாக் லிஞ்சுக்குக் கிடைத்ததோடு சரி. அதன்பிறகு நடந்த எந்தப் பொதுத்தேர்தலிலும் எந்தக் கட்சியும் தனிப் பெரும்பான்மையைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஆகவே முதல் வேலை, மக்கள் தீர்ப்பு உங்கள் பக்கம்தான் என்று அறிவிப்பது. எந்தக் கணக்கில் முந்தியிருக்கிறீர்களோ அந்தக் கணக்கை மட்டும் பேசுங்கள். வாக்கு அதிகமா, வாக்கைச் சொல்லுங்கள். இடம் அதிகமா, இடத்தைச் சொல்லுங்கள். இரண்டுமே குறைவு என்றால், போன தடவையைவிட எவ்வளவு வளர்ந்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுவும் இல்லையா? "நிலையான ஆட்சியைத்தான் மக்கள் கேட்டிருக்கிறார்கள்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். அந்த வாக்கியம் இதுவரை யாரையும் கைவிட்டதில்லை.

2020 பிப்ரவரித் தேர்தலைப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் விருப்ப வாக்கில் 24.5 சதவீதத்தோடு ஷின் ஃபெய்ன் முதலிடம். ஆனால் தன் பலம் தனக்கே தெரியாமல் 42 வேட்பாளர்களைத்தான் நிறுத்தியிருந்தது. இரண்டாவது ஆள் இல்லாத தொகுதிகளில் அதன் உபரி வாக்குகள் வேறு கட்சிக்காரர்களைக் கரையேற்றின. 37 இடம் கிடைத்தது. 22.2 சதவீதம் வாங்கிய ஃபியன்னா ஃபாயிலுக்கு 38. அந்த 38-ல் ஒருவர் போட்டியே இல்லாமல் திரும்பி வந்த சபாநாயகர். அது அரசியல் சட்டம் அவருக்குத் தரும் சலுகை. ஆண்டுகொண்டிருந்த ஃபினே கேலுக்கு 35. மூன்று கட்சிகளும் மக்கள் தீர்ப்பைக் கையில் வைத்திருந்தன. அவ்வளவு பேருக்கு அது எப்படிப் போதுமானதாக இருந்தது என்று கேட்காதீர்கள். வாக்குச்சீட்டில் கட்சிகள் உண்டு, ஆட்கள் உண்டு, கூட்டணிக்கென்று ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தைப் பிற்பாடு நிரப்புகிறவர் நீங்கள்.

நிரப்புவதற்கு முன்னால் கொஞ்சம் சத்தியங்களை மீற வேண்டியிருக்கும். மீறுவதற்குத் தேர்தலுக்கு முன்பே சத்தியம் செய்து வைத்திருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். கூட்டணி என்பதே கட்சிக் கொள்கைக்கு விரோதம் என்று இருந்த ஃபியன்னா ஃபாயிலின் தலைவர் சார்ல்ஸ் ஹாஹி, 1989-ல் ஆறு இடம் வைத்திருந்த முற்போக்கு ஜனநாயகவாதிகளோடு சேர்ந்தார். அந்தக் கட்சியின் தலைவர் டெஸ் ஓ'மேலி, 1985-ல் ஹாஹியின் கட்சியிலிருந்தே வெளியேற்றப்பட்டவர். ஃபியன்னா ஃபாயிலின் பிற்காலத் தலைவர் மீஹால் மார்ட்டின் இன்னும் நேர்த்தி. ஃபினே கேலோடும் சேரமாட்டேன், ஷின் ஃபெய்னோடும் சேரமாட்டேன் என்றுதான் 2020 தேர்தலுக்குப் போனார். பிறகு ஃபினே கேலோடு சேர்ந்தார். 1922-23 உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்றவர்களின் வாரிசுக் கட்சிகள் முதல்முறையாக ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தன. இரண்டு சத்தியத்தில் ஒன்றை மீறி ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறார். ஐம்பது சதவீதம், இந்தத் தொழிலில் அது நல்ல மதிப்பெண்.

தடை கட்சி இல்லை, ஆள்தான் என்றால் 1948-ஐப் பாருங்கள். பதினாறு வருஷம் ஆண்ட ஃபியன்னா ஃபாயிலின் டி வலேராவை இறக்க ஐந்து கட்சிகள் கூடின. ஃபினே கேலின் தலைவர் ரிச்சர்ட் மல்காஹி உள்நாட்டுப் போரில் அரசுப் படையை நடத்தியவர். கூட்டில் இருந்த ஷான் மக்பிரைடின் கட்சிக்கு மல்காஹி பிரதமராவது ஆகாது. மல்காஹி ஒதுங்கிக்கொண்டார், வழக்கறிஞர் ஜான் காஸ்டெல்லோ பிரதமரானார். நீங்கள் ஒதுங்கமாட்டீர்கள், தெரியும். சரித்திரத்துக்காகச் சொல்லி வைத்தேன்.

சபை கூடும் முதல் நாள் கண்டிப்பாகத் தோற்றுவிடுங்கள். 2020 பிப்ரவரி 20 அன்று நான்கு பேரைப் பிரதமர் பதவிக்கு முன்மொழிந்தார்கள். ஷின் ஃபெய்னின் மேரி லூ மெக்டொனால்டுக்கு 45, மார்ட்டினுக்கு 41, பதவியில் இருந்த ஃபினே கேல் பிரதமர் லியோ வராட்கருக்கு 36, பசுமைக் கட்சியின் ஈமன் ரயனுக்கு 12. நால்வரும் அவுட். வராட்கர் அன்று மாலையே ஜனாதிபதி மாளிகைக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டு, காபந்துப் பிரதமராக அலுவலகம் திரும்பினார்.

காபந்து என்று முகம் சுளிக்காதீர்கள். அதைவிடச் சுகமான பதவி அந்த நாட்டில் இல்லை. தொகுதியில் தோற்றுப்போனவர்கூட அமைச்சராகத் தொடரலாம். 2020-ல் தொடர்ந்தார்கள், அதுவும் கொரோனா காலத்தில். பேச்சுவார்த்தையை எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். 2016-ல் 70 நாள், 2020-ல் 140 நாள். கழுத்தைப் பிடிப்பது மேலவை மட்டும்தான். அதன் 11 உறுப்பினர்களைப் புதிய பிரதமர் நியமித்தால்தான் சட்டம் எதுவும் நகரும். 2020 ஜூன் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டப் பிரிவுகள் காத்துக்கொண்டிருந்தன. ஜூன் 27 அன்று ஆட்சி அமைந்தது. தேச நலன் சில சமயம் காலண்டரைப் பார்த்துத்தான் வரும்.

கூட்டணி ஒப்பந்தம் எழுதும்போது வினைச்சொற்களில் கவனம் வேண்டும். 'செய்வோம்' ஆபத்து, 'பரிசீலிப்போம்' உத்தமம். அதுவும் முடியாத இடத்தில் ஆணையம். 2016-ல் தண்ணீர்க் கட்டணம் வேண்டும் என்றது ஃபினே கேல், கூடாது என்றது ஃபியன்னா ஃபாயில். கட்டணத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம் இன்னொரு வித்தையும் அரங்கேறியது. ஃபியன்னா ஃபாயில் ஆட்சியில் சேரவில்லை, எதிர்க்கவும் இல்லை, வாக்கெடுப்பில் விலகி நின்றது. 158 பேர் உள்ள சபையில் 59 வாக்கு வாங்கி ஃபினே கேலின் எண்டா கென்னி பிரதமரானார். பொறுப்பில்லாமல் அதிகாரமும் பழி ஏற்காமல் எதிர்ப்பும் வேண்டுமென்றால் இதுதான் ராஜபாட்டை.

கூட்டிப் பார்த்தும் இரண்டு மூன்று இடம் இடிக்கிறதா? சுயேச்சைகளைப் பாருங்கள். இந்தக் கலையின் சிகரம் 1982. ஹாஹியிடம் 166-க்கு 81 பேர். டப்ளின் மத்தியத் தொகுதியில் முதன்முறை ஜெயித்த டோனி கிரெகரி, கழுத்தில் டை கட்டாமல் சபைக்குப் போனவர், ஓர் ஓட்டை வைத்துக்கொண்டு ஒரு பட்டியல் நீட்டினார். அவர் தொகுதி அப்போது வேலையின்மையிலும் இடிந்த குடியிருப்பிலும் மூழ்கிக் கிடந்தது. பட்டியலில் இருந்தவை: வீடுகள், வேலைகள், பள்ளி, துறைமுகத்துக்குச் சொந்தமான 27 ஏக்கர் நிலத்தை அரசே எடுப்பது. மொத்தமாகப் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கிரெகரி அத்தோடு விடவில்லை. ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தில் படித்து அவைக்குறிப்பில் ஏற்றினார். பின்னால் யாரும் "அப்படியா சொன்னேன்?" என்று கேட்க முடியாது அல்லவா. பத்திரிகைகள் பேரம் என்று திட்டின. எனக்கென்னவோ, மற்றவர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் செய்ததை அவர் வெளிச்சத்தில் செய்தார், அதுதான் அவர் குற்றம் என்று தோன்றுகிறது. அந்த நவம்பரிலேயே ஹாஹி ஆட்சி கவிழ்ந்தது, பட்டியலில் பெரும்பகுதி நிறைவேறவில்லை. கிரெகரியை மட்டும் தொகுதி விடவில்லை. 2009-ல் இறக்கும்வரை அவர்தான் அங்கே உறுப்பினர்.

சிறு கட்சியைக் கூட்டுச் சேர்த்தால், கறிவேப்பிலையைக் குழம்பில் என்ன செய்வோமோ அதைத்தான் வாக்காளர் அதற்குச் செய்வார். தொழிற்கட்சி 2011-ல் 37, ஆட்சியில் இருந்துவிட்டு 2016-ல் 7. பசுமைக் கட்சி 2007-ல் 6, 2011-ல் பூஜ்யம். 2020-ல் 12, 2024-ல் 1. 2020-ல் அது சேருமா சேராதா என்று அதன் உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்டபோது, ஆளப்போகும் நாட்டிலேயே இல்லாத வட அயர்லாந்து உறுப்பினர்களும் வாக்களித்தார்கள்; 76 சதவீதம் சரி என்றது. 2030-க்குள் கரிம வெளியீட்டைப் பாதிக்கும் மேல் குறைக்கச் சட்டம் கொண்டுவந்து தன் பங்கைச் செய்தது. 2024-ல் பெரிய கட்சிகள் தண்டனை வாங்காமல் தப்பின. பங்காளி இருப்பதன் பயனே அதுதான், தலைவரே.

2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு தொழிற்கட்சியும் சமூக ஜனநாயகவாதிகளும் தலா 11 இடத்தோடு பத்திரமாக ஒதுங்கிக்கொண்டன. ஃபியன்னா ஃபாயிலின் 48-ம் ஃபினே கேலின் 38-ம் சேர்த்தால் 86, தேவை 88. சுயேச்சைகள் வந்தார்கள். அவர்களில் சிலருக்கு இணையமைச்சர் பதவி. பதவி கிடைக்காத மைக்கேல் லோரி அணியினர் சிலர், அரசை ஆதரித்தபடியே எதிர்க்கட்சி வரிசையின் பேச்சு நேரமும் வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரி 22 அன்று சபையில் ஒரே கூச்சல். முதல் பெண் சபாநாயகர் வெரோனா மர்ஃபி திரும்பத் திரும்ப ஒத்திவைத்துப் பார்த்து, கடைசியில் பிரதமரைத் தேர்ந்தெடுக்காமலே அன்றைய சபையை முடித்து அனுப்பினார். மறுநாள் 95-க்கு 76 என்று மார்ட்டின் தேர்வானார். ஒப்பந்தப்படி 2027 நவம்பரில் நாற்காலி ஃபினே கேலின் சைமன் ஹாரிஸுக்கு மாற வேண்டும். இணையமைச்சர் பதவிகளை 20-லிருந்து 23 ஆக்கச் சட்டம் திருத்தினார்கள். உங்கள் ஆளுக்குப் பதவி இல்லை என்று யாராவது அழுதால், சட்டப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.