பதிப்பெண்ணியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

மென்பொருளின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எழுதப்படுவது எண்ணே அன்று என்பது இவ்வாய்வின் துணிபு. எண்ணாயின் கணக்குக்குக் கட்டுப்படும். இது கட்டுப்படாது. பள்ளிக்கூடத்தில் 3.9ஐவிட 3.10 சிறியது, பைத்தான் நிரல்மொழியில் 3.10தான் பெரியது, 2021இல் வெளிவந்தது. அமைப்புகளை எழுதிவைக்கும் யாமல் கோப்பில் மேற்கோள்குறி போடாமல் 3.10 என்று எழுதினால், கணினி அதைத் தசம எண்ணாகப் படித்து, ஈற்றுச் சுழியைக் களைந்து, 3.1ஐத் தேடிப் புறப்பட்டுவிடும். கணினிக்குக் கணக்குத் தெரியும். பாவம், வழக்குத் தெரியாது.

அவ்வாறாயின் இதற்கு இலக்கணமே இல்லையோ எனின், உண்டு. டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த செமாண்டிக் வெர்ஷனிங்கின்படி எண் மூன்று உறுப்புடையது. பழைய நிரல் ஓடாதபடி மாற்றம் செய்தால் முதலெண் ஏறும். புது வசதி சேர்ந்தால் நடுவெண். பிழை மட்டும் திருத்தினால் கடையெண். முதலெண் சுழியாக உள்ளவரை எதுவும் எப்போதும் மாறலாம் என்றொரு புறனடையும் உண்டு. அந்தப் புறனடைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தும் மென்பொருள்கள் ஏராளம்.

இலக்கணம் கண்டதற்கு இலக்கியம் அடங்கவில்லை. லினக்ஸ் கர்னல் 2011இல் 2.6.39இலிருந்து 3.0க்குத் தாவியது. பெரிய மாற்றம் எதுவுமில்லை. எண்கள் நீண்டுகொண்டே போனது அதைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். லினக்ஸ் தொகுப்பான ஸ்லாக்வேர் 1999இல் 4இலிருந்து 7க்குப் போனதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரர்கள் 6ஐ எட்டியிருந்தது. இன்னொரு தொகுப்பான உபுண்டு மட்டும் நாள்காட்டிக்குக் கட்டுப்பட்டது; ஆண்டும் மாதமுமே அதன் எண்: 2006 ஏப்ரலில் வரவேண்டிய 6.04 இரண்டு மாதம் தாமதமானதும், மறைக்க வழியின்றி 6.06 ஆயிற்று. பாட்டுக் கேட்க உதவும் விண்ஆம்ப் தன் 2ஆம் பதிப்பையும் 3ஆம் பதிப்பையும் கூட்டி 5 என்று பெயரிட்டது. இத்துறையில் கூட்டல் சரியாக வந்த அரிய சான்று இது.

விண்டோஸ் விவகாரம் சென்னை முகவரி போன்றது. பழைய எண், புதிய எண் இரண்டும் வேண்டும். பெட்டியில் விண்டோஸ் 7, உள்ளே 6.1. முதலெண் 6தானா என்று பார்த்துவிட்டு வேலை செய்யும் பழைய நிரல்கள் மிரளக்கூடாதே என்ற கரிசனம். விண்டோஸ் 11ஐத் திறந்து கேட்டாலும் அது 10.0 என்றே சொல்லும்.

இந்த மிரட்சி வீண் பயம் அன்று. ஓப்ரா உலாவி 10ஆம் பதிப்பை எட்டியபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த இணையதளங்கள் அதை 1 என்று எண்ணிக் கதவடைத்தன. வளர்ந்த உலாவி வேறு வழியின்றித் தன்னை 9.80 என்று அறிமுகப்படுத்திக்கொண்டது. குரோம் 100ஐ நெருங்கியபோதும் இதே கவலை. மூன்று இலக்கத்தைத் தங்கள் தளம் தாங்குமா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்க்க நிரலர்களுக்குத் தனி வசதி செய்து கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் 100 வந்தது.

எஞ்சியிருப்பது காணாமற்போன எண்களின் இயல். பிஎச்பி நிரல்மொழியில் 5.6க்குப் பின் 2015இல் வந்தது 7. 6ஐ முன்பே எழுதத் தொடங்கிக் கைவிட்டிருந்தார்கள். அதற்குள் அதைக் கற்பிக்கும் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. ஆப்பிள் 2025இல் ஐஓஎஸ் 18இலிருந்து நேரே 26க்குப் போனது. பிஎச்பி 6க்குப் புத்தகமாவது மிஞ்சியது. 19 முதல் 25 வரையிலான ஏழுக்கும் அதுவும் இல்லை. அவற்றை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் மாணவர் தரவு தேடி அலைய வேண்டியதில்லை.