எங்க பொண்ணு ஷெப்பர்ட்

கைபேசியை நீட்டி "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒருவர் சொன்னால் அதில் பேரக்குழந்தை இருக்கும். இல்லாவிட்டால் கிரகப்பிரவேசம் முடிந்த புது வீடு இருக்கும். நம்மவர் நீட்டும் கைபேசியில் துப்பாக்கியோடு ஒரு பெண் இருப்பாள். மார்புக் கவசத்தில் 'என்7' என்ற முத்திரை. அவளுக்குப் பின்னால் ஒரு நகரமே தீப்பற்றி எரியும். "எப்படி இருக்கா?" என்பார். தீயைப் பற்றிப் பேசிவிடாதீர்கள். அவர் கேட்பது மூக்கைப் பற்றி.

அந்தப் பெண்ணின் பெயர் கமாண்டர் ஷெப்பர்ட். கனடாவில் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளி விளையாட்டின் நாயகி. 2010-இல் இரண்டாம் பாகம், 2012-இல் மூன்றாம் பாகம் என்று கதை வளர்ந்தது. ஒரு பாகத்தில் நீங்கள் செய்த நல்லதும் கெட்டதும் அடுத்த பாகத்திலும் கூடவே வரும். மூன்றையும் பொறுமையாக ஆடி முடிக்க நூறு மணி நேரம் போல ஆகும். ஷெப்பர்ட் என்ற குடும்பப் பெயரை மட்டும் மாற்ற முடியாது; அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டின் நினைவாக வைத்தது. மற்றதெல்லாம் ஆடுகிறவர் இஷ்டம். ஆணா பெண்ணா, அழைக்கும் பெயர் என்ன, கண் எவ்வளவு ஆழம், தாடை எவ்வளவு கூர்மை, எல்லாம்.

ஆண்தான் வேண்டும் என்றால் வேலை சுலபம். மார்க் வான்டர்லூ என்ற டச்சு மாடலின் முகத்தை அப்படியே பிரதியெடுத்து வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் மாப்பிள்ளை தயார். பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி கொடுத்த முகம் ஒன்று இருந்தது. இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது நம்மவர் கட்சி. "எங்க பொண்ணை நாங்களே பெத்துக்கிறோம்" என்று கிளம்பிவிட்டார்.

நம்மவர் என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கல்லூரி மாணவராக இருக்கலாம், ஓய்வு பெறப்போகும் கணக்கராகவும் இருக்கலாம். பிரசவ வலி எல்லாருக்கும் ஒன்றுதான்.

அந்த வலியை நான் நேரில் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார். திரையில் ஒரு முகம். பக்கத்தில் வரிசையாக ஸ்லைடர்கள். கன்ன எலும்பை ஒரு புள்ளி ஏற்றினார். முகம் மெலிந்தது. ஈடுகட்டத் தாடையை ஒரு புள்ளி இறக்கினார். இப்போது உதடு பெரிதாகத் தெரிந்தது. உதட்டைக் குறைத்ததும் பாட்டியின் சாயல் வந்துவிட்டது. பதினொன்றரைக்கு ஒருவழியாக மனம் நிறைந்து பெயர் சூட்டி, "பார்த்தியா, என்ன களை!" என்றார். உண்மையிலேயே களையாகத்தான் இருந்தாள்.

முதல் பாகம் தொடங்கும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். கப்பலின் சன்னலோரம் ஷெப்பர்ட் நிற்பாள். அவள் காதில் விழாமல் எங்கோ மூன்று பெரியவர்கள் அவளுடைய பிறப்பு, வளர்ப்பு, இதுவரை செய்த காரியங்கள் எல்லாவற்றையும் அலசி, இந்தப் பெண் சரிப்படுவாளா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கேமரா மெல்லத் திரும்பி முகத்தைக் காட்டும். ஏறக்குறைய பெண் பார்க்கும் சடங்கு. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்லை.

கேமரா திரும்பியது. நம்மவர் அலறினார். முகம் செய்யும் அறையில் இருந்த விளக்கு வேறு, கப்பலில் இருந்த விளக்கு வேறு. அங்கே களையாக இருந்தவள் இங்கே கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு நேரே வந்தவள் போல நின்றாள். பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லி முடிப்பதற்குள் நம்மவர் விளையாட்டை மூடி, மறுபடி முதலிலிருந்து கன்ன எலும்பு. இப்படி நான்கு ராத்திரி. 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து அத்தனை நாகரிகங்களையும் துடைத்துவிட்டுப் போகும் ரீப்பர் என்ற இயந்திரப் பூதங்கள்தான் கதையின் எதிரி. 50,000 ஆண்டு பொறுத்தவை இன்னும் நாலு நாள் பொறுக்காதா?

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே ஷெப்பர்ட் செத்துப்போகிறாள். இரண்டு ஆண்டு பாடுபட்டு அவளை மீண்டும் உயிர்ப்பிக்கிறார்கள். கதை எழுதியவர்கள் நம்மை அழவைக்க நினைத்த இடம் அது. நம்மவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வாஸ்தவம்தான். துடைத்த கையோடு மூக்கைத் திருத்த இன்னொரு வாய்ப்பு கிடைத்ததென்று ஸ்லைடரைத் தேடினார்.

முகத்தோடு முடிகிற விஷயமா இது? ஜாதகம் வேண்டாமா? முதல் பாகத்திலேயே அதையும் கணித்துவிடுவார்கள். பிறந்த இடம் மூன்று: விண்கப்பல், புறக்கிரகக் குடியேற்றம், பூமி. பழைய வரலாறு மூன்று: படையே அழிந்தபோது தனியாகத் தப்பியவள், போர்க்களத்தில் பெயரெடுத்தவள், ஈவிரக்கம் பார்க்காதவள். தொழில் ஆறு: சோல்ஜர், இன்ஜினியர், அடெப்ட், இன்ஃபில்ட்ரேட்டர், சென்டினல், வான்கார்ட். பெருக்கிப் பாருங்கள், 54 வருகிறது. நம் 27 நட்சத்திரத்துக்குச் சரியாக இரண்டு மடங்கு.

இரண்டாம் பாகத்திலிருந்து ஜாதகக் கட்டமும் எழுத்தில் வந்துவிட்டது. ஒவ்வொரு முகத்துக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து மூன்று மூன்றாகப் புள்ளி வைத்துப் பிரித்த ஒரு குறியீடு. அதை இன்னொருவர் தன் விளையாட்டில் தட்டினால் அதே முகம் அங்கே பிறக்கும். ஓர் எழுத்து பிசகினால் வேறு யாருடைய தாடையோ வந்து உட்காரும். தன் பிறந்தநாளை மனைவி நினைவூட்ட வேண்டிய நம்மவர், இந்தக் குறியீட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பார்.

நவம்பர் 7-ஆம் தேதி இவர்களுக்குப் பண்டிகை. 2012 முதல் 'என்7 தினம்' என்று கொண்டாடுகிறார்கள். அப்படி ஒரு நவம்பர் 7 மாலை, இரண்டு பெற்றோருக்கு நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். ஒருவர் நம்மவர். மற்றவர் அவருடைய சிநேகிதி, இதே நோய் முற்றியவர். இருவரும் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தது என்னவோ இப்படித்தான்:

"நம்ம பொண்ணு விண்கப்பல்லயே பிறந்து வளர்ந்தவ. அம்மாவும் படையில ஆபீசர். நல்ல குடும்பம்."

"எங்களது பூமிங்க. தாய் தகப்பன் கிடையாது. தெருவுல வளர்ந்தவ. அதனால கோவம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு டிவி நிருபர் எடக்கா கேள்வி கேட்டா. விட்டாளே ஒரு குத்து!"

"அடடா. எங்களது அதிர்ந்துகூடப் பேசாது."

"மாப்பிள்ளை?"

"கேரஸ்தான்."

"எங்களுக்கும் கேரஸ்தான்!"

இந்த இடத்தில் இருவரும் சம்பந்திகளைப் போலக் கைகுலுக்கிக்கொண்டார்கள். கேரஸ் மனிதர் இல்லை. டூரியன் என்ற வேற்றுக்கிரக இனம். பூச்சிக்கு இருப்பது போலத் தாடையில் இரண்டு மடல், பாதி முகத்தில் வெடிபட்ட தழும்பு. எப்போது போய்ப் பேசினாலும் கப்பலின் பீரங்கியைச் சரிபார்க்கிற வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடுவார். ஆனாலும் பொறுப்பான பிள்ளை. இவரை மணக்கும் வாய்ப்பு பெண் ஷெப்பர்டுக்கு மட்டும்தான். ஆண் ஷெப்பர்டை வைத்து ஆடுகிறவர்களைப் பார்த்து நம்மவர் பரிதாபப்படுவதற்கு இதுவே முதல் காரணம்.

சிறுபான்மை என்ற கர்வம் இரண்டாவது காரணம். ஆடுகிறவர்களில் 18 சதவீதம் பேர்தான் பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று 2011-இல் கம்பெனியே சொன்னது. விளம்பரங்களிலும் அட்டைப்படத்திலும் வான்டர்லூ முகம்தான் வந்துகொண்டிருந்தது. இவர்கள் விடாமல் குரல் கொடுத்ததில், மூன்றாம் பாகத்துக்கு ஒரு புதுப் பெண்முகம் செய்ய இறங்கி வந்தார்கள். ஆறு முகங்களை ஃபேஸ்புக்கில் போட்டு ஓட்டெடுப்பு வைத்தார்கள். பொன்னிறக் கூந்தல்காரி முந்தினாள். உடனே கலகம். "ஷெப்பர்டுக்குப் பொன்னிற முடியா?" என்று ஒரு கட்சி, "ஏன் கூடாது?" என்று எதிர்க்கட்சி. கடைசியில் தலைமுடிக்கென்றே தனியாக இன்னொரு ஓட்டெடுப்பு நடத்த, செம்பட்டை முடி வென்றது. சொந்த ஊரில் வார்டு தேர்தல் எப்போது என்று தெரியாத நம்மவர் இரண்டு சுற்றிலும் தவறாமல் ஓட்டுப் போட்டார். அதில் வேடிக்கை, வென்ற முகத்தை அவர் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை. அவரிடம்தான் சொந்தப் பெண் இருக்கிறாளே.

மூன்றாம் பாகத்தின் டப்பாவைத் திறந்து அட்டைத்தாளை உருவித் திருப்பிச் செருகினால் பெண் ஷெப்பர்ட் வருவாள். அதற்கென்றே மறுபக்கமும் அச்சடித்திருந்தார்கள். டப்பா வாங்கியதும் நம்மவர் செய்த முதல் காரியம் அதுதான். அப்புறம்தான் வட்டை உள்ளே போட்டார். இடி விழுந்தது. முதல் பாகத்தில் செய்த முகத்தை மூன்றாம் பாகம் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஐந்து வருஷம் வளர்த்த பெண்ணை வாசலில் நிறுத்தி "நீ யாரம்மா?" என்று கேட்ட கதைதான். அதைச் சரிசெய்ய ஒரு மாதம் போல ஆயிற்று. அந்த மாதம் முழுக்க நம்மவர் பழைய படத்தைத் திரையோரம் சாய்த்துவைத்து, கண்ணளவில் மூக்கை மறுபடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதும் ஒருவகைப் பெருமைதானே. அதிலும் இவர்கள் சளைத்தவர்கள் அல்ல. "நம்ம பொண்ணுக்கு ஊர் உலகமெல்லாம் காப்பாத்தத் தெரியும். ரூம்ல இருக்கிற மீனுக்குத் தீனி போடத் தெரியாது" என்று சிநேகிதி அலுத்துக்கொண்டார். கேப்டன் அறையில் ஒரு பெரிய மீன்தொட்டி உண்டு. மறந்தால் மீன்கள் மிதக்கும்.

முரட்டு முடிவுகளாகவே எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் பாகத்தில் ஷெப்பர்டின் முகத் தழும்புகள் பிளந்து உள்ளே சிவப்பாகக் கனலத் தொடங்கும். கப்பல் ஆஸ்பத்திரியில் சரிசெய்துகொள்ளலாம். கட்டணம் 50,000 பிளாட்டினம். அந்த உலோகத்துக்காகக் கிரகம் கிரகமாகப் போய் நிலத்தைத் துழாவ வேண்டும். நம்மவர் பெண்ணின் நிறம் கெட்டுவிடும் என்று ராத்திரி பகலாகத் துழாவியவர். சிநேகிதியோ ஒரு பைசா செலவழிக்கவில்லை. "இருக்கட்டும், அதுதான் அவளுக்கு அழகு" என்று கனலும் முகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இருவரும் மற்றவரின் வளர்ப்பைக் கண்டிக்கும் பார்வை ஒன்றைப் பரிமாறிக்கொண்டார்கள்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. முகம்தான் ஆளுக்கொன்று. குரல்? அத்தனை பெண் ஷெப்பர்டுகளுக்கும் ஜெனிஃபர் ஹேல் என்ற ஒரே நடிகைதான் பேசியிருக்கிறார். நடை? அது ஆணுக்கு அமைத்த நடை. கறுப்புக் கவுன் போட்டு சோபாவில் உட்காரவைத்தாலும் முழங்காலை அகட்டி, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் உட்காரும் பண்ணையார் போலத்தான் உட்காருவாள். அதைவிடப் பெரிய விஷயம், ஆடும்போது கேமரா அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறது. பேசும் காட்சிகளை விட்டுவிட்டால் மிச்ச நேரமெல்லாம் கண்ணில் படுவது பிடரியும் முதுகுக் கவசமும்தான்.

கேட்டே விட்டேன். "நாலு ராத்திரி உட்கார்ந்து மூக்கு செஞ்சீங்க. ஆடுற நேரமெல்லாம் முதுகைத்தானே பார்க்கிறீங்க?"

கொஞ்ச நேரம் மௌனம். கோவித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். இல்லை. கைபேசியில் தேடி ஒரு படத்தை எடுத்தார். 2021-இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒன்றாக வெளியிட்டபோது படம் பிடிக்கும் வசதியையும் கொடுத்திருந்தார்கள், அதில் எடுத்தது. இந்தத் தடவை பெண் ஷெப்பர்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் 32 சதவீதமாம். அதையும் மறக்காமல் சொல்லிக்கொண்டார். படத்தில் முகமே இல்லை. எங்கோ ஒரு பனிப் பாலைவனம். அதில் ஷெப்பர்ட் தனியாக நடந்துபோகிறாள். நமக்குத் தெரிவது முதுகு மட்டும்.

"முகம் மத்தவங்களுக்குக் காட்டறதுக்கு" என்றார். குரல் தழுதழுத்திருந்தது. "எனக்கு இது போதும். ஆயிரம் ஷெப்பர்ட் வரிசையா நடந்து போகட்டும், முதுகைப் பார்த்தே என் பொண்ணு எதுன்னு சொல்லிடுவேன். பெத்தவனுக்குத் தெரியாதா?"

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேலி பேசியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. சிநேகிதி எட்டிப் பார்த்தார். கைபேசியை வாங்கினார். இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

"இது என்னோடதாச்சே. போன வாரம் நான்தானே உங்களுக்கு அனுப்பினேன்?"

நம்மவர் கைபேசியைத் திரும்ப வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தோள்பட்டையைப் பார்த்தார், பிடரியைப் பார்த்தார்.

"அதானே பார்த்தேன்," என்றார். "நம்ம பொண்ணு இவ்வளவு கூன் போட மாட்டாளே."

பிறகு தன் பெண்ணைத் தேடத் தொடங்கினார். படங்கள் ஓடின. நான் காபி சொல்லிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.