ராஜராஜர் கொடுத்த ‘சேவ்’

1006ஆம் ஆண்டு வாக்கில் தஞ்சாவூர் அரண்மனையில் ராஜராஜ சோழர் வாய் திறந்தார். நாகப்பட்டினம் சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமம்! விகாரம் கட்டியதோ கடல்தாண்டிய ஸ்ரீவிஜயத்து ராஜா. சபைக்கே புல்லரித்திருக்கும். ஆனால் பாருங்கள், அந்த நிமிஷத்தில் ஒரு எழுத்துகூட எங்கும் பதிவாகவில்லை.

அப்புறம் ஓலைக்காரர் எழுதினார். ஓலைநாயகம் சரிபார்த்தார். வரிக்கணக்கர்கள் 8,943 கலம் நெல் என்று ஏற்றினார்கள், அதோடு விட்டார்களா? தூணி, குறுணி, நாழி வரை இழுத்தார்கள். அப்போதும் திருப்தியில்லை. ஒரு பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, அது போன வழியில் கள்ளியும் கல்லும் நட்டார்கள். வெரிஃபிகேஷனுக்கு யானை வைத்திருந்த வரி டிபார்ட்மென்ட்!

சரி, செப்பேடு எங்கே? அதுதானே ஹார்டு டிஸ்க்! அது வருவதற்குள் ராஜராஜரே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ராஜேந்திரர் பட்டத்துக்கு வந்துதான் செம்பில் வெட்டவைத்தார்.

சிரிக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பிலும் அதே தர்பார்தான். ‘சேவ்’ கொடுத்ததும் ஆபரேட்டிங் சிஸ்டம் சங்கதியை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, “எழுதியாச்சுங்க” என்கிறது. டிஸ்குக்கு அனுப்ப லினக்ஸ் என்னும் சிஸ்டம் சாதாரணமாக 30 விநாடிகூட எடுத்துக்கொள்ளும். கூமாப்பட்டிக்காரர் ஒருவர் பிளவக்கல் அணையை ரீல்ஸ் எடுத்து பென்டிரைவில் ஏற்றி, ‘காப்பி முடிந்தது’ என்றதும் வெடுக்கென்று பிடுங்கினால் என்ன ஆகும்? வத்திராயிருப்பு போய்ச் சேரும்போது அணையே காணாமல் போயிருக்கலாம்.

நம்பாதவர்களுக்கென்றே எஃப்சிங்க் என்று ஒரு கட்டளை உண்டு. ‘டிஸ்கில் ஏறட்டும், அதுவரை நகரமாட்டேன்’ என்று வாசலில் உட்காரும் ரகம். ஆனால் டிஸ்குக்குள்ளும் ஒரு கேஷ் மெமரி இருக்கிறதே! ஆப்பிளின் மேக்கில் எஃப்சிங்க் போட்டால், டிஸ்கின் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்தது. நிஜமாகவே எழுத ‘ஃபுல்’ எஃப்சிங்க் என்று தனியாக ஒன்று. அப்போ முந்தையது ஹாஃபா என்று கேட்காதீர்கள். ஆமாம்.

2018இல் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்காரர்கள் தலையில் கைவைத்தார்கள். எழுதும்போது கோளாறு வந்தால் லினக்ஸின் எஃப்சிங்க் ஒருமுறை “முடியலை” என்னும். விடாமல் மறுபடி கேட்டால், “முடிஞ்சுது” என்னும்! எழுதாத பக்கத்துக்கும் நடுவில் சத்தமில்லாமல் டிக் அடித்திருக்கும் லினக்ஸின் உட்கருவான கெர்னல். அந்த “முடிஞ்சுது” என்பதை நம்பியே 20 வருஷம் வண்டி ஓடியிருக்கிறது. கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? முதல் “முடியலை” காதில் விழுந்ததும் டேட்டாபேஸ் பொத்தென்று மயங்கி விழவேண்டும். எழுந்து, மாற்றங்களைக் குறித்துவைத்த லாக் பதிவேட்டைப் பார்த்து மறுபடி எழுதவேண்டும்.

செம்பு மயங்காது. ராஜேந்திரரின் செப்பேடு 21 ஏடு, சுமார் 30 கிலோ. டச்சுக்காரர்கள் கப்பலேற்றி, பின்னர் லெய்டன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தது. ஐடி பாஷையில் ஆஃப்சைட் பேக்கப். நாகையில் மிச்சமிருந்த பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். விகாரம் போச்சு, ஆனைமங்கலத்து நெல் கணக்கு மட்டும் நாழி பிசகாமல் இருக்கிறது.